விலை கேட்கக் கூச்சம்

அன்புள்ள ஐயா,

எனக்கு சிவதாபுரம். அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ராஜ்கோட், ஆக்ரா பக்கமிருந்து மெஷின் கொலுசு வந்து குவிகிறது, எங்கள் ஆர்டர் பாதியாகிவிட்டது. அப்பாவோ "ஆடி கழியட்டும், ஆவணி முகூர்த்தத்தில் எல்லாம் சரியாயிடும்" என்கிறார். வருஷா வருஷம் இதே பேச்சு. காலத்தோடு மாறாமல் சறுக்கிய ஃபிலிம் கம்பெனி கோடக், செல்போன் கம்பெனி நோக்கியா கதையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். பழக்கம் ஒரு மனிதரை இவ்வளவு குருடாக்குமா? நான் ஒரு கம்பெனியில் பத்து வருஷமாக டேலியில் கணக்கு எழுதுகிறேன். அந்த வேலையும் இனி நிலைக்காது என்கிறார்கள். டேட்டா அனாலிடிக்ஸ் படிக்கலாமா?

கா., சேலம்

அன்புள்ள கா.,

கோடக்கை விடுங்கள். டிஜிட்டல் கேமராவை 1975-லேயே செய்து பார்த்தது அந்தக் கம்பெனியின் சொந்த இன்ஜினியர்தான். ஆக, 2012-ல் திவால் மனு கொடுத்தவர்களுக்குக் கண் நன்றாகவே தெரிந்திருந்தது. அது இருக்கட்டும், நாள் முழுக்க நெருப்பு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் போய் அமெரிக்கக் கதை சொன்னால் அவர் என்னதான் செய்வார்? நானாக இருந்தால் எழுந்து டீ குடிக்கப் போயிருப்பேன்.

ஏற்காட்டுக் காபி பற்றி ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன், அதில் உங்கள் கடிதம் வந்து விழுந்தது. என் அப்பா அங்கே ஒரு எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்குப்பிள்ளை. அப்போது காபியை யாரும் இஷ்டத்துக்கு விற்க முடியாது. உலகப் போரில் ஏற்றுமதி படுத்துவிட்டதால் 1942-ல் சட்டம் போட்டு, விளைந்ததை எல்லாம் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆக்கினார்கள். வாரியம் விற்கும், பணம் தவணை தவணையாக வரும், கடைசித் தவணை எப்போது வரும் என்பது அந்த முருகனுக்கே வெளிச்சம். அரை நூற்றாண்டு இப்படியே ஓடியது. எங்கள் முதலாளிக்கு மழை அளவு தெரியும், தண்டுத் துளைப்பான் பூச்சி எந்தச் செடியில் ஏறியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்வார், நிழல் மரத்தை எப்போது கழிப்பது என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. விலை மட்டும் அவர் பார்க்கிற விஷயமே இல்லை. அது எங்கிருந்தோ வருவது.

1989-ல், எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று கட்டிவைத்திருந்த உலகக் காபி ஒப்பந்தத்தின் கோட்டா முறிந்தது, அப்புறம் நிறைய வாங்கிக்கொண்டிருந்த சோவியத்தே இல்லாமல் போனது. அந்தத் தொகுப்பு முறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி 1996-ல் முழுவதும் அவிழ்த்துவிட்டார்கள். நடுவில் 1994-ல் பிரேசிலில் பனி விழுந்து செடி கருகி, விலை எகிறியது. ஒரு ஏஜென்ட் ஜீப்பில் எஸ்டேட் வாசல் வரை வந்து ஒரு விலை சொன்னார். கையில் ரொக்கம், தவணை கிடையாது! முதலாளி அங்கேயே தலையாட்டிவிட்டார். "சேலத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுப் பார்க்கலாமே" என்று அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னதற்கு அவர் சொன்ன பதில்: "நாம என்ன தேங்காய் வியாபாரியா?"

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அவருக்கு மாற்றம் தெரியாமல் இல்லை, பேப்பரில் படித்தார், கிளப்பில் பேசினார். நாலு இடத்தில் விலை கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. அதே மலையில் ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வைத்திருந்த மலையாளிப் பழங்குடி விவசாயிகள் சந்தையில் மூணு பேரிடம் கேட்காமல் மிளகு மூட்டையின் கட்டை அவிழ்க்க மாட்டார்கள். காபியையும் அப்படியே விற்றார்கள். அவர்களுக்குக் கூடுதலாக எதுவும் தெரிந்திருக்கவில்லை, கேட்க வெட்கப்படவில்லை, அவ்வளவுதான். 2001 வாக்கில் விலை அதலபாதாளத்துக்குப் போனபோது முதலாளி கடனுக்குப் பாதித் தோட்டத்தை விற்றார். அப்போதும் முதல் ஆள் சொன்ன விலைக்குத்தான்.

உங்கள் அப்பாவிடம் வருவோம். கடைக்காரர்கள் வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்து, கூலியும் சேதாரமும் பேசி, "அண்ணே, எப்ப முடியும்" என்று வாசலில் நின்றிருப்பார்கள். அந்த மனிதர் இன்று கடைப்படி ஏறி "ஏன் இப்போதெல்லாம் வருவதில்லை" என்று கேட்க வேண்டும். ஆவணி, முகூர்த்தம் என்று அவர் சொல்வதெல்லாம் அந்தப் படியை ஏறாமல் இருக்கத்தான். இதைக் குருட்டுத்தனம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

சரி, நீங்கள் என்ன செய்தீர்கள்? ஆர்டர் பாதியாகிவிட்டது என்கிறீர்கள். எந்தப் பாதி? குழந்தைக் கொலுசா, கல்யாணத்துக்கு வாங்குகிற கனமான சலங்கைக் கொலுசா, தினப்படி போடுகிற லேசான சங்கிலியா? எந்த ஊர்க் கடைகள் நின்றன, எவை இன்னும் வருகின்றன? ஊரார் கணக்கைப் பத்து வருஷமாகப் பைசா சுத்தமாக எழுதுகிற மனிதர், சொந்த வீட்டு ஆர்டர் நோட்டை ஒரு நாள் புரட்டியிருந்தால் கடிதத்தில் அது இருந்திருக்கும். பட்டறை அப்பாவுடையது, உங்கள் வேலை டேலி, இல்லையா? உங்கள் முதலாளிக்கு உங்களிடம் என்ன தேவை என்று அவரிடமும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

கோர்ஸ் எங்கும் ஓடிவிடாது, ஃபீஸை இப்போதைக்குக் கட்டாதீர்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, வருவதை நிறுத்திவிட்ட கடைகளில் ஒன்றுக்கு இந்தச் சனிக்கிழமை போங்கள். அப்பாவைக் கூப்பிடாதீர்கள், தனியாகப் போங்கள். கடைக்காரர் சொன்னதை அவர் வாய்மொழியாகவே எனக்கு எழுதுங்கள். "வெள்ளி விலை ஏறிப்போச்சு தம்பி" என்றுதான் ஆரம்பிப்பார், அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள்.