25 வயதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் தங்கி 11ஆம் வகுப்புப் படிக்கும் கொரியப் பையன் ஐஸ் ஹாக்கி நன்றாக ஆடுகிறான். 2008இல் பிறந்தவன். கனடிய மேஜர் ஜூனியரா (பதின்ம வயதினருக்கான உயர்மட்ட லீக்), அமெரிக்கக் கல்லூரியா என்று சியோலில் இருக்கும் அவன் பெற்றோர் எங்களைக் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
- வாசகி, மார்க்கம், கனடா

பதில்: லீக்கை விட்டுவிட்டு முதலில் இராணுவக் கணக்கைப் பாருங்கள். தென் கொரிய ஆண்களுக்கு இராணுவ சேவை கட்டாயம். தரைப்படையில் 18 மாதம். சேவை முடிக்காதவர் 25 வயதாகும் ஆண்டு முதல் வெளிநாட்டில் இருக்க அரசு அனுமதி வேண்டும். ஏற்கெனவே வெளியே இருப்பவர் அந்த ஆண்டு ஜனவரி 15க்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பையனுக்கு அது 2033. தவறவிட்டால் வழக்கு வரை போகும்.

பதக்கம் வாங்கினால் விலக்கு உண்டே என்பார்கள். ஒலிம்பிக்கில் ஏதாவது ஒரு பதக்கம், அல்லது ஆசிய விளையாட்டில் தங்கம் வேண்டும். கொரிய ஆண்கள் அணி 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஆடிய நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. 2017 சப்போரோ ஆசியக் குளிர்கால விளையாட்டில் கஜகஸ்தானுக்குப் பின்னால் வெள்ளிதான். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இப்போது எண்ணுங்கள். இரண்டு ஆண்டு ஜூனியர் ஹாக்கி ஆடி 2028 இலையுதிர் காலத்தில் கல்லூரியில் சேர்ந்தால் 2032 மே மாதம் பட்டம். கெடுவுக்குச் சில மாதம் முன்னால் முடிகிறது. ஓர் ஆண்டு தள்ளினாலும் படிப்பின் நடுவே அனுமதிக்கு அலைய வேண்டும். எங்கள் வாக்கு கல்லூரிக்கே.

மேஜர் ஜூனியர் ஆடியவனுக்கு முன்பு அமெரிக்கக் கல்லூரிக் கதவு அடைபட்டிருந்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தத் தடை இல்லை. ஆனால் பெற்றோர் கொரியாவில் இருப்பதால் ஒன்டாரியோவின் மேஜர் ஜூனியர் லீக்கான ஓ.எச்.எல்.லில் அவன் இம்போர்ட் வீரன், அதாவது வெளிநாட்டு வீரன். ஓர் அணிக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அந்த இடங்களுக்கு செக், சுவீடன், பின்லாந்துப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதற்கு ஒரு படி கீழான ஜூனியர் ஏ அணியில், அதிக நேரம் களமிறங்கும் முதல் இரண்டு வரிசைக்குள் ஆடுவது மேல். (வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். பற்றிய பேச்சு இப்போதைக்கு வேண்டாம். சியோலில் பிறந்து என்.எச்.எல்.லில் ஆடிய ஜிம் பேக், ரிச்சர்ட் பார்க் இருவரும் குழந்தையிலேயே வட அமெரிக்கா வந்தவர்கள்.)

பெரும்பாலும் சறுக்குவது பனியில் அல்ல, மதிப்பெண் சான்றிதழில். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் ஆட 16 முக்கியப் பாடங்கள் வேண்டும், மதிப்பெண் சராசரி 4க்கு 2.3. அதில் 10 பாடங்கள் 12ஆம் வகுப்பு தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். இந்தப் பாடங்களுக்கான கடிகாரம் 9ஆம் வகுப்பில் ஓடத் தொடங்குகிறது. கொரியாவில் அது நடுநிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு. பலர் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குவதே இல்லை. கனடா வந்து ஒரு வகுப்பு கீழே சேர்த்திருந்தாலும் கடிகாரம் நிற்காது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான தொடக்கநிலை இ.எஸ்.எல். வகுப்புகள் ஆங்கிலப் பாடமாகக் கணக்கில் வராது. பள்ளி ஆலோசகரிடம் இந்த வாரமே பாடப் பட்டியலைச் சரிபாருங்கள், கொரியச் சான்றிதழ்களை மொழிபெயர்ப்போடு வரவழையுங்கள், என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிவு செய்யுங்கள்.

ஆலோசகர் என்று வருபவரிடம் சதவீதக் கமிஷன் ஒப்பந்தம் எதிலும் பையன் கையெழுத்துப் போடக் கூடாது. கல்லூரிக்கு முன், கொரிய, ஜப்பானிய அணிகள் ஆடும் ஆசிய லீக்கில் தொழில்முறை ஆட்டம் ஆடுவதும் தகுதியைக் கெடுக்கலாம். அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிப்பவர் விளம்பரப் பணம் வாங்கினால் விசாவுக்கே ஆபத்து. சக வீரர்கள் வாங்குவதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

11ஆம் வகுப்பு என்பதால் கல்லூரிப் பயிற்சியாளர்கள் அவனுக்கு இப்போதே பதில் எழுதலாம். கோல்களை மட்டும் கோத்த வீடியோ அனுப்பாதீர்கள். ஒரே ஆட்டத்தில் அவன் களமிறங்கும் எல்லா ஷிஃப்ட்களும், பக் (ஆடும் வட்டு) தன்னிடம் இல்லாதபோது அவன் எங்கே நிற்கிறான் என்பது தெரியும்படி வேண்டும். மின்னஞ்சலில் பிறந்த தேதி, உயரம், எடை, எந்தக் கை ஷாட், மதிப்பெண் சராசரி, அடுத்த ஆட்டங்களின் தேதி. கடிதத்தைப் பெற்றோரோ நீங்களோ அல்ல, அவனே எழுதட்டும்.