இரைச்சல்காரர் பீட்டர் ரேபெர்க் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வியன்னாவைப் பற்றிய உங்கள் குறிப்பில், 2021இல் இறந்த பீட்டர் ரேபெர்க் என்ற மின்னணு இசைக்கலைஞரைச் சொல்லி, அந்த ஊரின் இசை வரலாற்றை எழுதுகிறவர்கள் இவரைத் தாண்டிப் போக முடியாது என்று எழுதியிருந்தீர்கள். ஷூபர்ட் பிறந்த ஊராயிற்றே என்று ஆர்வமாகத் தேடி அவருடைய ‘கெட் அவுட்’ தொகுப்பைப் போட்டேன். மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. கோயில் திருவிழாவில் மைக்செட் கெட்டுப்போனால் கேட்குமே, அதேதான். பக்கத்து அறையிலிருந்து என் மகன் “ஸ்பீக்கர் போச்சா அப்பா?” என்றான்.

கேலி செய்வதற்காகக் கேட்கவில்லை. இதை இசை என்று மனதாரச் சொல்கிறீர்களா? யாரும் கேட்காத இசை என்பதாலேயே ஒருவர் மேதை ஆகிவிடுவாரா? இவரைச் சுற்றி ஒரு ‘அண்டர்கிரவுண்ட்’ கூட்டம் இருந்ததாம். அவர்கள் இவருக்காக இத்தனை துக்கப்பட என்ன இருக்கிறது? ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளும் ஒரு சின்ன வட்டம் என்றுதான் எனக்குப் படுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூன்று நிமிடத்தில் நிறுத்தியிருந்தால் அந்தத் தொகுப்பின் மூன்றாவது பதிவுக்கு நீங்கள் வந்திருக்க வாய்ப்பில்லை. தலைப்பு கிடையாது. அதில் எதற்குமே தலைப்பு கிடையாது. பத்து நிமிடத்துக்கு மேல் போகும். தொடக்கத்தில் ஆர்கன் போன்ற ஒரு மெல்லிய மெட்டு, சிறிய துண்டு, திரும்பத் திரும்ப வருகிறது. அழகான மெட்டு, யாருக்கும் பிடிக்கும். பிறகு அதன் ஓரங்கள் பிசிறத் தொடங்குகின்றன. பிசிறு வளர்ந்து, ஒரு கட்டத்தில் காது கூசும் இரைச்சல் அந்த மெட்டை முழுக்க மூடிவிடுகிறது. மூடிய பிறகும் மெட்டு உள்ளே ஓடிக்கொண்டிருப்பது கேட்கிறது. இசைக்கருவியில் வாசித்த சோகப் பாட்டு எத்தனையோ கேட்டிருக்கிறேன். ஒரு மெட்டு தன் சொந்த எடையாலேயே நொறுங்குவதை அங்கேதான் கேட்டேன்.

மைக்செட் என்று சொன்னீர்கள். அது பாதி சரி என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கணினிக்குள் ஒலி என்பது வெறும் எண்கள். குறுந்தகட்டின் 16 பிட் கணக்கில் ஒலியலையின் உயரத்தைக் குறிக்க 65,536 படிகள் இருக்கின்றன. அதற்கு மேல் போக இடமில்லை. ஒலியை அந்த எல்லைக்கு மேல் தள்ளினால் அலையின் முகடு கத்தியால் சீவியது போலத் தட்டையாகிவிடும். தட்டையான அலையில், மூலத்தில் இல்லாத மேல்சுரங்கள் புதிதாகப் பிறக்கும். நாம் கரகரப்பு என்று சொல்வது அதைத்தான். மைக்செட்காரர் அதைத் தவிர்க்கப் பார்ப்பார். ரேபெர்க்குக்கு அதுதான் கச்சாப்பொருள். எவ்வளவு சீவ வேண்டும், எந்த வேகத்தில், அடியில் எது கேட்க வேண்டும் என்று முடிவு செய்கிறார். திருவிழாவில் அது விபத்து, இங்கே ஒருவர் காது வைத்துத் தேர்ந்தெடுத்தது. ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: ஆமாம், மனதாரச் சொல்கிறேன். அவருடைய எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘கெட் டவுன்’ என்ற தொகுப்பு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஆள் பிறந்தது லண்டனில், 1968. வியன்னாவுக்கு வந்து டிஜேயாக இருந்தார். அங்கே ரமோன் பவர், ஆந்திரியாஸ் பீப்பர் ஆகியோர் 1994இல் தொடங்கிய மெகோ என்ற இசைத்தட்டு லேபிளில் சேர்ந்துகொண்டார். அவர்கள் மூவரும் சேர்ந்து செய்த ஆரம்பகாலத் தட்டு முழுக்க ஃப்ரிட்ஜ் சத்தத்தால் ஆனது. சமையலறையில் இரவெல்லாம் ஓடுமே, அந்த உறுமலைப் பதிவு செய்து, வெட்டி, அடுக்கினார்கள். 1996இல் ‘பீட்டா’ என்ற பெயரில் முதல் தனித்தொகுப்பு, 1999இல் நீங்கள் பாதியில் விட்ட ‘கெட் அவுட்’.

தொண்ணூறுகளின் கடைசியில் இது நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதற்குமுன் இந்த மாதிரி வேலைக்குப் பல்கலைக்கழகமோ வானொலி நிலையமோ வைத்திருக்கும் ஸ்டுடியோ வேண்டும். அந்த ஆண்டுகளில்தான் மேடையிலேயே உடனுக்குடன் ஒலியைப் பிசையும் அளவுக்கு லேப்டாப்புகளின் வேகம் கூடியது. மேக்ஸ் என்ற மென்பொருளுக்கு ஒலியைக் கையாளும் எம்எஸ்பி பகுதி 1997இல் வந்தது. இசைப்பள்ளி வாசலை மிதிக்காதவர்களும் ஒரு மேசை, ஒரு லேப்டாப்போடு மேடையேறினார்கள். ஆடாமல் அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர்கள் மின்னஞ்சல் பார்க்கிறார்களா, வாசிக்கிறார்களா என்ற கிண்டல் அப்போதே இருந்தது. நியாயமான கிண்டல்தான்.

அண்டர்கிரவுண்ட் என்பதற்கு வருகிறேன். ஒளிந்து வாழ்ந்தவர்கள், யாரும் சீண்டாதவர்கள் என்ற பொருளில் கேட்டீர்களானால் அது இவர்களுக்குப் பொருந்தாது. லின்ஸ் நகரின் மின்னணுக் கலைவிழாவான ஆர்ஸ் எலெக்ட்ரோனிகா 1999இலேயே மெகோவுக்கு விருது கொடுத்துவிட்டது. ஐரோப்பாவின் இசைவிழாக்கள் கூப்பிட்டன. 2001இல் மெகோ வெளியிட்ட கிறிஸ்டியன் ஃபென்னெஸின் ‘எண்ட்லெஸ் சம்மர்’ தொகுப்பு உலகம் முழுவதும் கொண்டாடப்பட்டது. புறக்கணிக்கப்பட்ட மேதை என்ற கதையை ரேபெர்க் மேல் போர்த்த வேண்டியதில்லை. யாரும் கேட்காததால் யாரும் மேதையாவதில்லை, அதில் நீங்கள் சொல்வதோடு எனக்குச் சண்டையே இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் அவர்களே செய்துகொண்டார்கள். இசை, அட்டை வடிவமைப்பு, தட்டை அச்சிடக் கொடுப்பது, பார்சல் அனுப்புவது. அட்டைகளையும் மேடையில் ஓடிய காட்சிகளையும் டினா ஃப்ராங்க் செய்தார். மெகோவைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டியது அவர் கைதான். கூடுமிடம் ரிட்ஸ் என்ற பார், 1998இல் திறந்தது. ஓட்டோ வாக்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய ரயில்பாதையின் செங்கல் வளைவுகளுக்கு அடியில் இருக்கிறது. மேலே யு6 மெட்ரோ ரயில் போகும், கீழே இவர்கள் வாசிப்பார்கள். அரசு ஓபராவும் பில்ஹார்மோனிக் இசைக்குழுவும் உள்ள ஊரில் பாலத்துக்கு அடியில் ஒரு இடம். அண்டர்கிரவுண்ட் என்ற சொல் இவர்களுக்கு அந்த அளவில் அப்படியே பொருந்தும்.

நம் சிறுபத்திரிகைகள் நினைவுக்கு வருகின்றனவா? எனக்கும் வந்தது. நம்மிடம் பெரும்பாலும் என்ன நடக்கும்? ஆசிரியர் சோர்ந்ததும் இதழ் நின்றுபோகும், பழைய இதழ்கள் யாருடைய பரணிலோ கிடக்கும். 2005இல் மெகோவும் மூடப்பட்டது. பொதுவாகக் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ரேபெர்க் தனியாளாக ‘எடிஷன்ஸ் மெகோ’ என்று மறுபடி தொடங்கினார். அதன் முதல் நோக்கம் புதுத் தட்டு போடுவதல்ல, பழைய தட்டுகள் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்பது. இந்த இடத்தில்தான் அவர் எனக்கு முக்கியமானவராகிறார். தன் இரைச்சலைச் செய்தவர்கள் நிறையப் பேர். மற்றவர்களின் இரைச்சலுக்குக் கணக்கெழுதி, கடன் சமாளித்து, இருபது வருடத்துக்கும் மேல் காபந்து பண்ணியவர்கள் மிகக் குறைவு.

அந்த லேபிள் வெளியிட்டவர்களின் பட்டியலைப் பாருங்கள். கெவின் டிரம்மின் காது கிழிக்கும் தொகுப்பு, ஃப்ளோரியன் ஹெக்கரின் கணித ஒலிகள், அமெரிக்காவின் எமரால்ட்ஸ் குழுவின் பழைய பாணி சிந்தசைசர் இசை, ஒன்ஓட்ரிக்ஸ் பாயிண்ட் நெவர், கிளாரா லூயிஸ், காத்தரினா பார்பியேரி. இவற்றில் பாதி இரைச்சலே அல்ல. ஒரு கட்சி, ஒரு கொள்கை என்று இருந்திருந்தால் இவர்கள் ஒரே கூரையின் கீழ் வந்திருக்க மாட்டார்கள். ஆரம்ப காலத்தில் அது கிட்டத்தட்ட ஆண்களின் கூட்டமாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பின்னால் பட்டியல் மாறியது.

2012இல் அவர் செய்ததை நான் இன்னும் மேலே வைப்பேன். பாரிஸில் ஜிஆர்எம் என்ற இசை ஆய்வுக்குழு 1958 முதல் இருக்கிறது. நிறுவியவர் பியர் ஷேஃபர், வானொலிப் பொறியாளர். 1948இலேயே பாத்தினோல் ரயில் நிலையத்தில் எஞ்சின்களையும் பெட்டிகளையும் பதிவு செய்து, தட்டில் ஒரே சுற்று திரும்பத் திரும்ப ஓடும்படி வெட்டி, இரைச்சல் பயிற்சிகள் என்று ஐந்து படைப்புகளை வானொலியில் ஒலிபரப்பியவர். அதாவது உங்கள் மகன் ‘போச்சா’ என்று கேட்ட ஸ்பீக்கருக்கு எழுபது வருடத்துக்கு மேல் வயதாகிறது! அந்தக் குழுவின் பழைய படைப்புகளில் பல கடைகளில் கிடைக்காமல் போயிருந்தன. ஜிஆர்எம்மின் பிரான்சுவா பொனேயோடு சேர்ந்து ரேபெர்க் அவற்றை வரிசையாக மீண்டும் தட்டில் கொண்டுவந்தார். முதல் தட்டு ஷேஃபருடையது. அப்புறம் லுக் ஃபெராரி, பெர்னார்ட் பார்மெஜியானி. அர்ஜென்டினாவிலிருந்து பாரிஸ் வந்து அறுபதுகளில் அங்கே வேலை செய்த பெயாத்ரீஸ் ஃபெரேய்ராவின் படைப்புகள் 2015இல் வந்தன.

ஃப்ரிட்ஜைப் பதிவு செய்த டிஜே, தன்னுடைய முன்னோரைத் தானே தேடிப்போய்க் கண்டுபிடித்தார் என்று இதைப் புரிந்துகொள்கிறேன். பல்கலைக்கழகத்து இசை தனி, பாரில் வாசிக்கும் இசை தனி என்று அதுவரை இருந்த பாகுபாட்டை அவர் கட்டுரை எழுதி எதிர்க்கவில்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு விற்றார், அவ்வளவுதான்.

பாராட்டிக்கொள்ளும் வட்டமா என்று கேட்டீர்கள். அதுவும் உண்டு, எந்தக் கலைவட்டத்தில் இல்லை? ஆனால் சேர்ந்து வேலை செய்வதுதான் அங்கே அதிகம். ஃபென்னெஸ், ஜிம் ஓரூர்க் இருவரோடும் அவர் வாசித்த மூவர் குழுவைக் கேளுங்கள். மூன்று லேப்டாப்புகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுக்கொள்ளும், இடையில் ஏதோ பழைய சினிமா இசை போல ஒரு துணுக்கு தலைநீட்டி விழும். சிரிப்பு வரும். இரைச்சல் இசைக்காரர்களுக்கு நகைச்சுவை கிடையாது என்பவர்களுக்கு நான் கொடுக்கும் பதில் இதுதான். நேர்மாறான இருட்டு வேண்டுமானால் கிதார் கலைஞர் ஸ்டீபன் ஓமாலியோடு செய்த கேடிஎல் என்ற குழு. ஜிசெல் வியென் என்ற நடன இயக்குநரின் மேடை நிகழ்வுக்காகத் தொடங்கியது, பிறகு தனிக் குழுவாகவே நின்றது. கிதார் ஒரு சுவராக நிற்கும், அதற்குள்ளே ரேபெர்க்கின் மின்னொலி ஊர்ந்துகொண்டிருக்கும்.

கடைசி ஆண்டுகளில் பெர்லினில் இருந்தார். 2021 ஜூலை 22 அன்று மாரடைப்பு. வயது 53. கோவிட் காலம். துக்கப்பட என்ன இருக்கிறது என்றால், ஒரு கலைஞர் இறந்தால் அவருடைய புதிய படைப்பு வராது, அது ஒரு இழப்பு. இவர் இறந்தபோது, அடுத்து யாரிடம் அனுப்பிக் காட்டுவது என்று தெரியாமல் நின்றவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். லேபிளே அவர்தான். ஓமாலி நடத்திய துணை லேபிள் தனியாகத் தொடர்கிறது. ஜிஆர்எம்மோடு 2020இல் தொடங்கிய புதுப் படைப்புகளின் வரிசையை வேறொரு லேபிள் எடுத்துக்கொண்டது. பழைய பட்டியல் இணையத்தில் இன்னும் விற்பனையில் இருக்கிறது. 2005 போல அது அறுந்துபோகவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

நீங்கள் மறுபடி முயல்வதாக இருந்தால் ‘கெட் அவுட்’டில் தொடங்க வேண்டாம். முதலில் ஃபென்னெஸின் ‘எண்ட்லெஸ் சம்மர்’, மெட்டுக்குப் பழகிய காதுக்கு அதுதான் சுலபமான வாசல். பிறகு 2016இல் வந்த ‘கெட் இன்’, ரேபெர்க் கொஞ்சம் நிதானமான வயதில் செய்தது. அதற்கப்புறம் அந்த மூன்றாவது பதிவு. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அடி ஒலிகள் அதில் வராது, மேல் கரகரப்பு மட்டும் வரும். அதை வைத்து அவரை எடைபோட்டால் அநியாயம். ஹெட்போனில் என்றால் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். திடீரென்று ஏறும், செவி முக்கியம். அப்படிக் கேட்டும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. எது பிடிக்கவில்லை என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்.