கன்ட்ரோல்+டபிள்யூ யாருடையது?

கேள்வி: பிரவுசரில் ஓடும் டெர்மினலில் (கட்டளைகளை டைப் செய்யும் திரை) ஒரு வார்த்தையை அழிக்க கன்ட்ரோல்+டபிள்யூ அடித்தால் டேபே மூடிக்கொள்கிறதே?

மூடத்தான் செய்யும். கன்ட்ரோலோடு சேரும் டபிள்யூ, டி, என் மூன்றையும் குரோம் தன் கையிலேயே வைத்திருக்கிறது, பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் எவ்வளவு கெஞ்சினாலும் விடாது. விட்டால் ஏதாவது ஒரு மோசடித் தளம் உங்களை மூடவே விடாது. அந்தத் தளத்தைக் குரோம் மெனுவிலிருந்து ஆப்பாக இன்ஸ்டால் செய்து தனி விண்டோவில் திறந்தால் பிடி தளரும். இல்லையென்றால் பாஷில் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கும் ஷெல்) எஸ்கேப் தட்டி பேக்ஸ்பேஸ் அடியுங்கள், ஏறக்குறைய அதே வேலைதான்.

கேள்வி: ஷார்ட்கட் வேலை செய்யவில்லை. அவசரம்.

கடிதமே இவ்வளவுதான். எந்த ஷார்ட்கட், எந்த பிரவுசர், விண்டோஸா மேக்கா, எந்த கீபோர்டு லேஅவுட்? இதையெல்லாம் எழுதாமல் அனுப்பினால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். முதலில் எக்ஸ்டென்ஷன்களை அணைத்துவிட்டுப் பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: கன்ட்ரோல்+எஃப் அடித்தால் தளத்தின் சொந்தத் தேடல் பெட்டி வருகிறது. எனக்கு பிரவுசருடையதுதான் வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸில் கன்ட்ரோல்+ஐ அடித்து, பர்மிஷன்ஸ் பகுதியில் கீபோர்டு ஷார்ட்கட்டை மாற்றும் அனுமதியை அந்தத் தளத்துக்கு மட்டும் பிளாக் செய்யுங்கள். குரோமில் எஃப்3 அல்லது கன்ட்ரோல்+ஜி முயன்று பாருங்கள். ஆனால் நீளமான பட்டியலில் கண்ணுக்குத் தெரியும் வரிகளை மட்டுமே ஏற்றும் தளங்கள் உண்டு, அங்கே பிரவுசர் தேடினால் பாதி கிடைக்காது.

கேள்வி: தமிழ்99 கீபோர்டு லேஅவுட் போட்டிருக்கும்போது அலுவலகத் தளத்தில் ஜே, கே ஷார்ட்கட்கள் செத்துவிடுகின்றன. என் தவறா?

இல்லை, அந்தத் தளத்தை எழுதியவர் தவறு. தமிழ்99-இல் ஜே இருக்கும் இடத்தில் ப, கே இருக்கும் இடத்தில் ம. தளம் வந்த எழுத்தைப் பார்த்தால் 'ப' தெரிகிறது, அதற்கு ஒன்றும் புரிவதில்லை. கீ இருக்கும் இடத்தைப் பார்த்தால் நமக்குச் சரியாகிவிடும், ஆனால் எழுத்துகளை வேறு வரிசையில் அடுக்கும் டிவோராக் லேஅவுட் வைத்திருப்பவருக்கு வேறு கீ சிக்கும். அதனால்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: ஒற்றை எழுத்து ஷார்ட்கட் வைத்தால் அதை அணைக்கவோ மாற்றவோ வழி கொடுங்கள். என் சொந்த ஆசை இல்லை இது, எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டியின் 2018-இல் வந்த 2.1 பதிப்பில் 2.1.4 விதியே கேட்கிறது, அதுவும் அடிப்படையான 'ஏ' நிலையில். குரலால் டைப் செய்பவர் ஒரு வாக்கியம் பேச, ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளையாகி ஏதேதோ நடந்துவிடும். கன்ட்ரோல்+ஆல்ட் வைத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், விண்டோஸில் ஐரோப்பிய கீபோர்டுகளின் வலது ஆல்ட் அதேதான். கட்டுரைகள் எழுதும் மீடியம் தளம் பிரவுசரின் சேவ் பெட்டி வராமலிருக்க கன்ட்ரோல்+எஸ்-ஐத் தடுக்கப் போய், போலந்துக்காரர்கள் வலது ஆல்ட்+எஸ் தட்டி எழுதும் தங்கள் 'எஸ்' வகை எழுத்தொன்றை அடிக்கவே முடியாமல் போன கதை 2015-இல் வெளியே வந்தது. இங்கிலீஷ் கீபோர்டில் மட்டும் சோதித்துவிட்டு முடித்துவிட்டேன் என்று சொல்பவர்களை என்ன செய்வது!

உங்களுக்கு இப்போதைக்கு: லேஅவுட்டை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு ஷார்ட்கட் அடியுங்கள்.

கேள்வி: பேக்ஸ்பேஸ் அடித்தால் முந்தைய பக்கம் போகவில்லை.

குரோம் 2016-இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2021-இலும் எடுத்துவிட்டன, பாதி நிரப்பிய படிவம் பறிபோவதால். ஆல்ட்+இடது அம்பு.

கேள்வி: ஃபயர்ஃபாக்ஸில் விஎஸ் கோட் வெப் (பிரவுசரில் ஓடும் கோடு எடிட்டர்) திறந்து, அதன் கட்டளைப் பட்டியலுக்காக கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பி அடித்தால் பிரைவேட் விண்டோ வருகிறது.

அதே பட்டியலுக்கு எஃப்1.