கணினிக் கேள்வி–பதில்: விழுந்த வேலையும் விட்டுச்சென்ற தடயமும்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே வெளிநாட்டு வங்கியொன்றின் மென்பொருள் பராமரிப்பில் பணியாற்றுகிறேன். இதுவரை லினக்ஸ் சேர்வர்களில் ஓடும் ஜாவா நிரல்களைக் கவனித்து வந்த என்னை, மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினியில் இரவில் தொகுதியாக ஓடும் வேலைகளைப் பார்க்கும் குழுவுக்கு மாற்றியுள்ளார்கள். அங்கே பிழை பிடிப்பது இலகு என்று மூத்தவர்கள் சொல்வது உண்மையா?
— வாசகர், கோண்டாவில்

பதில்: நிரல் முறிந்து விழும் பிழைகளைப் பொறுத்தவரை, பெரும்பாலும் உண்மை. ஐ.பி.எம். மெயின்ஃபிரேமில் ஒரு வேலை முறிந்தால் முறிவின் காரணத்தைச் சுட்டும் ‘அபெண்ட்’ குறியீடொன்று கிடைக்கும், வேலையை எப்படி ஓட்டுவது என்று எழுதும் ஜே.சி.எல்.இல் ‘சிஸ்யூடம்ப்’ வரி எழுதப்பட்டிருந்தால், விழுந்த கணத்தில் நினைவகம் இருந்த நிலையும் டம்ப்பாகப் பதிவாகும். நீங்கள் அதிகம் காணப்போகும் குறியீடு எஸ்0சி7. எண் இருக்கவேண்டிய இடத்தில் எண்ணல்லாத ஒன்று இருந்தது என்பதே அதன் பொருள். 1964இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். மெயின்ஃபிரேமான சிஸ்டம்/360 இலும் இந்தத் தரவுப் பிழையின் எண் 7 தான்.

வெற்றிடங்களால் நிரம்பிய பக்டு டெசிமல் (ஒரு பைட்டில் இரு இலக்கங்களை அடைக்கும் எண்) புலமொன்றை கோபோல் நிரல் கூட்ட முற்பட்டதாக வைத்துக்கொள்வோம். வெற்றிடத்தின் குறியீடு 40 என்பதால், டம்ப்பில் அந்தப் புலம் 404040 என்று தெரியும். கடைசி அரை பைட்டில் எண்ணின் நேர், எதிர்த் தன்மையைக் காட்டும் சி, டி அல்லது எஃப் போன்ற குறி இருக்கவேண்டும். அங்கே இருப்பதோ 0. நிரல் எந்தக் கட்டளையில் நின்றது என்பதைக் குறித்துவைக்கும் பி.எஸ்.டபிள்யூ. காட்டும் முகவரியிலிருந்து நிரலின் தொடக்க முகவரியைக் கழித்து, வரும் தூரத்தைக் கம்பைல் லிஸ்டிங்கில் (நிரலைத் தொகுக்கும்போது கிடைக்கும் கட்டளைப் பட்டியலில்) தேடினால், விழுந்த கட்டளையையோ அதற்கு அடுத்ததையோ எட்டிவிடலாம். அந்த லிஸ்டிங் ஓடிய நிரலுக்கே உரியதாக இருக்கவேண்டும். பழைய பதிப்பினது என்றால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

ஜாவாவில் பிழை நேரும்போது வரும் அழைப்புப் பட்டியலான ஸ்டாக் ட்ரேஸ், வரி எண்ணை நேரடியாகவே தந்துவிடுகிறது. அந்த அளவில் உங்கள் பழைய இடமே வசதியானது. ஆனால் அந்த வரியில் மாறிகள் என்ன மதிப்பில் இருந்தன என்பதை அது சொல்வதில்லை. பல லினக்ஸ் அமைப்புகளில் நினைவகத்தைப் பதிக்கும் கோர் கோப்பின் அளவெல்லை இயல்பாகவே 0 ஆக இருப்பதால் நினைவகப் பதிவும் எஞ்சாது. நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் கொன்டெய்னர் அகற்றப்பட்டால் அதற்குள் எழுதிய லொக்கும் (நிகழ்வுப் பதிவும்) அதனுடன் போய்விடும். ஒரு கோரிக்கை பல சேவைகளைக் கடந்து செல்லும்போது, அதற்குப் பொது அடையாள எண்ணொன்றை முன்கூட்டியே இட்டிருக்காவிட்டால், எந்த லொக் எதனுடையது என்று பொருத்துவதே பெரும்பாடு. ஆகவே லினக்ஸ் பக்கம் பிழையைத் திரும்ப நிகழ்த்திப் பார்க்கும் பழக்கம் வளர்ந்தது. மெயின்ஃபிரேமில் முதல் தடவை கிடைத்த தடயத்தை வாசிக்கப் பழகவேண்டும்.

மூத்தவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. வேலை, பிழையில்லை என்று பொருள்படும் ரிட்டர்ன் கோட் 0 உடன் ஒழுங்காக முடிந்து, வட்டித் தொகை மட்டும் பிழையாக வந்தால், டம்ப்பும் இல்லை, குறியீடும் இல்லை. அப்போது கைகொடுப்பது ஒரே கோப்பின் பழைய பதிப்புகளைத் தலைமுறைகளாக வைத்திருக்கும் ஜி.டி.ஜி. கோப்புகள்: பழைய தலைமுறைகள் நீக்கப்படுவதற்கு முன், அன்றைய உள்ளீட்டைச் சோதனைச் சூழலுக்குப் பிரதிசெய்து, வாடிக்கையாளர் விபரங்களை மறைத்து, படிப்படியாக ஓட்டி, தொகை எந்தப் படியில் மாறுகிறது என்று பாருங்கள்.