மானியத்தால் வளர்ந்தார்களா, வளர்பவர்களுக்கு மானியமா?

கேள்வி: சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு அரசு வழங்கும் மானியம் பற்றிய அறிக்கைகளில், மானியம் பெற்றவை எவ்வளவு வளர்ந்தன என்றே எழுதுகிறார்கள். அதை வைத்துத் திட்டம் வெற்றி பெற்றது என்று கொள்ளலாமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: கொள்ள முடியாது. வளரக்கூடிய நிறுவனமாகப் பார்த்துத்தான் தேர்வுக் குழு மானியம் தருகிறது. ஆகவே அது பின்னாளில் வளர்ந்தால், மானியத்தால் வளர்ந்ததா, மானியம் இல்லாமலும் வளர்ந்திருக்குமா என்பது அந்த அறிக்கையிலிருந்து தெரியாது.

அமெரிக்காவில் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடங்கிய சிறுதொழில் புத்தாக்க ஆராய்ச்சித் திட்டத்தைப் பாருங்கள். அதை ஆராய்ந்து பொருளியலாளர் ஸ்காட் வால்ஸ்டன் 2000-இல் வெளியிட்ட கட்டுரை, மானியமாக வந்த ஒவ்வொரு டாலருக்கும் ஈடாக நிறுவனங்கள் தம் சொந்த ஆராய்ச்சிச் செலவில் ஒரு டாலரைக் குறைத்துக்கொண்டன என்றது. அப்படியானால் மக்கள் வரிப்பணத்தால் கூடுதல் ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை.

அதே திட்டத்தைப் பற்றிப் பொருளியலாளர் சப்ரினா ஹவல் 2017-இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் சென்றது. அமெரிக்க எரிசக்தித் துறை அதிகாரிகள் விண்ணப்பங்களை வரிசைப்படுத்தியிருந்த பட்டியலை எடுத்து, மயிரிழையில் மானியம் பெற்றவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் அவர் ஒப்பிட்டார். தகுதியில் இவ்விரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லாததால், பின்னர் தோன்றும் வேறுபாட்டை மானியத்தின் கணக்கில் வைக்கலாம். ஏறத்தாழ 1,50,000 டாலர் கொண்ட முதற்கட்ட மானியம், துணிகர முதலீடு (வளரும் நிறுவனங்களில் இழப்பு அபாயத்தை ஏற்றுத் தனியார் போடும் பணம்) கிடைக்கும் வாய்ப்பை 10 விழுக்காட்டிலிருந்து 19 விழுக்காடாக உயர்த்தியது. கருத்தளவில் இருந்ததை முன்மாதிரியாகச் செய்து காட்ட அந்தப் பணம் உதவியதே காரணம் என்கிறார் அவர். பல மடங்கு பெரிய இரண்டாம் கட்ட மானியத்திலோ குறிப்பிடத்தக்க பலன் தென்படவில்லை. தொகையைப் பெருக்கினால் பலனும் பெருகும் என்று எண்ணுவோர் இதை அவசியம் படிக்க வேண்டும். ஒரே துறையின் கணக்கு இது. எல்லாத் துறைக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது என்பதும் உண்மை.

இந்தியாவிலும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-இல் இதையொத்த திட்டத்தைத் தொடங்கியது. மானியம் வழங்கும் எந்தத் துறையானாலும், தான் நிராகரித்த விண்ணப்பங்களையும் அவற்றுக்கு இட்ட மதிப்பெண்களையும் பத்திரப்படுத்தி, அந்த நிறுவனங்கள் என்னவாயின என்று சில ஆண்டுகள் கழித்து விசாரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இனி அத்தகைய அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், மானியம் கிடைக்காதவர்களைப் பற்றி அதில் ஒரு பக்கமாவது உண்டா என்று முதலில் பாருங்கள்.