இருதலை மணியன் பாம்புக்கு நெசமாவே ரெண்டு தலை உண்டா?

இல்ல அண்ணாச்சி, ஒரே தலைதான். நம்ம திசையன்விளை பக்கத்து தேரி, அதான் செம்மணல் மேடு, அது மாதிரி பொலபொலன்னு இருக்க மண்ணுல புதைஞ்சு கெடக்குமே, அந்த செம்மண்ணுளிதான். விஷம் கெடையாது, எலியச் சுத்தி நெரிச்சே கொன்னுரும். வாலு கூராப் போகாம மழுங்கலா தலை கணக்கா இருக்கும், சீண்டுனா தலைய உடம்புக்கடியில ஒளிச்சுக்கிட்டு வாலத் தூக்கிக் காட்டும், அடி விழுந்தா அதுல விழட்டும்னு. உத்துப் பாருங்க, பொடிக் கண்ணு எந்தப் பக்கம் இருக்கோ அதான் தலை. பாம்பாட்டிங்க சிலரு வால்ல சூடு வச்சு கண்ணு மாதிரி ஆக்கி ஏமாத்துறதும் உண்டு, பாவிங்க.

ஆறு மாசம் இந்தப் பக்கம், ஆறு மாசம் அந்தப் பக்கம் போகும்ங்கிறது சும்மா. நக்குனா குஷ்டம் வரும்னு ஆச்சிமாரு சொல்றதும் கதைதான். முட்டை போடாது, குட்டிதான். கோடி ரூவாக்கு போகும்னு எவனாச்சும் சொன்னா நம்பிப் பிடிச்சிராதீக, 1972 வனவிலங்கு சட்டத்துல கேஸ் ஆயிரும்.