பெண்களுக்கென்று தனி விருது எதற்கு?

ஐயா,

திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலையில் பௌதிகவியல் கற்பிக்கிறேன். எங்கள் உயர்தர மாணவி ஒருத்தி, வெள்ளைப் பலகையில் ஒட்டிய கறுப்பு டேப்பின் வழியே ஓடும் சிறிய ரோபோ ஒன்றைச் செய்தாள். கோடு தவறினால் அது நின்று, சென்சர் பொருத்திய தலையை இடமும் வலமும் திருப்பித் தேடி, மீண்டும் கோட்டைப் பிடித்துக்கொள்ளும். கண்காட்சியில் அதற்குச் 'சிறந்த பெண் கண்டுபிடிப்பாளர்' என்று பரிசு கொடுத்தார்கள். "ஆண் பிள்ளைகளோடு போட்டியிட்டிருந்தால் எனக்குக் கிடைத்திராதா, ரீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. ரோபோ ஆராய்ச்சியில் பெண்களுக்கு உலக அளவில் வழங்கும் விருதுகளும் இப்படித்தானா? இவை தேவைதானா?

ஓர் ஆசிரியை, உவர்மலை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிள்ளையின் கேள்வி நியாயமானது. ஆனாலும் பரிசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். சான்றிதழை எடுத்து இன்னொரு முறை வாசியுங்கள். அவள் என்ன செய்தாள் என்று அதில் ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லையென்றால் அவள் மனம் நொந்ததற்குக் காரணம் அதுதான். செய்த வேலையைச் சொல்லாமல் 'பெண்' என்பதை மட்டும் சொல்லும் பரிசு யாரையும் சுடும்.

கணினித் துறையின் சர்வதேச அமைப்பான ஏ.சி.எம்., 2006 முதல் பெண் ஆய்வாளர்களுக்கென்றே 'அதீனா விரிவுரையாளர்' விருதை வழங்கிவருகிறது. 2024-2025க்கான விருது ரோபோ ஆய்வாளர் மாயா மட்டாரிச்சுக்குக் கிடைத்தது. பாரிசவாதத்தால் கை தளர்ந்தவரை அவருடைய ரோபோ தூக்கி விடுவதில்லை. பக்கத்தில் நின்று பேசி, உற்சாகப்படுத்தி, பயிற்சியை அவரையே செய்யவைக்கிறது. விருது பெறுபவர் அமைப்பின் மாநாடு ஒன்றில் உரையாற்ற அழைக்கப்படுகிறார். எனக்கு இந்த விருதில் பிடித்தது இதுதான். பதக்கத்தைக் கொடுத்து அனுப்பிவிடாமல், துறையையே உட்காரவைத்து அவர் சொல்வதைக் கேட்க வைக்கிறார்கள்.

பொது விருதுகள் போதாதா என்பீர்கள். அவற்றையும் பெண்கள் வாங்கத்தான் செய்கிறார்கள். மின்பொறியியலாளர்களின் சர்வதேச அமைப்பான ஐ.இ.இ.இ. வழங்கும் எடிசன் பதக்கம், 2025இல் ரோபோ ஆய்வாளர் டானியேலா ரஸ்ஸுக்குக் கிடைத்தது. 2001இல் நியூயோர்க் இரட்டைக் கோபுர இடிபாடுகளுக்குள் சிறிய மீட்பு ரோபோக்களை இறக்கிய குழுவினரில் ரொபின் மர்பியும் ஒருவர். 2014இல் மனிதநேயப் பணிக்காக ஏ.சி.எம். அவருக்கு வழங்கிய விருது பெண்களுக்கு மட்டுமானதல்ல. சுனாமியைப் பார்த்த ஊர் நம்முடையது. இடிபாட்டுக்குள் தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பொது விருதுக்கு யாராவது ஒருவர் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். பரிந்துரைப்பவர் தான் கேள்விப்பட்ட பெயரைத்தானே எழுதுவார்? பெண்களுக்கான விருது அந்தப் பெயரைக் காதில் போட்டுவைக்கிறது. அந்த அளவுக்கு அது தேவை என்றே நினைக்கிறேன்.

உங்கள் மாணவிக்குச் சொல்ல இன்னும் முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. ருசேனா பைச்சி என்றொரு ஆய்வாளர். 1933இல் பிராட்டிஸ்லாவாவில் பிறந்தவர். பெற்றோரை நாஜிகள் கொன்றார்கள். பின்னர் அமெரிக்கா சென்று, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ரோபோ ஆய்வுகூடம் ஒன்றை நிறுவினார். கமரா ஒரே இடத்தில் இருந்து, விழுகிற படத்தை வாங்கிக்கொண்டிருந்தால் போதாது. தெரியாததைத் தெரிந்துகொள்ள அதுவே நகர வேண்டும், திரும்ப வேண்டும், கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று 1988இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். இன்றும் துறையில் பேசப்படும் கட்டுரை அது. 2009இல் பெஞ்சமின் பிராங்க்ளின் பதக்கம் பெற்றார். அதுவும் பொது விருதுதான்.

கோடு தவறியதும் நின்று, தலையைத் திருப்பித் தேடுகிறதே உங்கள் மாணவியின் ரோபோ, அது செய்வதும் இதைத்தான். சாதாரணமாகப் பிள்ளைகள் செய்யும் ரோபோ கோட்டை விட்டால் அப்படியே ஓடி மேசையிலிருந்து விழும், அல்லது வட்டமடிக்கும். இவள் அதற்குத் தேடக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். நடுவர்கள் எழுதியிருக்க வேண்டிய வரி இது. அவர்கள் எழுதவில்லை என்றால், உங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

அடுத்த முறை பொதுப் பிரிவிலும் அவள் பெயரைக் கொடுங்கள். அதற்கு முன், பக்கத்து ஆண்கள் பாடசாலையின் விஞ்ஞான மன்றத்துக்கு எழுதி, அவள் பேசப் பத்து நிமிடம் கேளுங்கள். ரோபோவையும் பலகையையும் கையோடு கொண்டுபோகட்டும்.